கோவிவன் என்ற நாயும் ஒரு வரிக் கட்டளையும்

கோவிவன் என்பது ஒரு நாயின் பெயர். ஏழாம் நூற்றாண்டில் நம்ம திருவண்ணாமலைப் பக்கத்தில் வாழ்ந்த நாய்!

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். எருமைகளுக்காக நடந்த ஒரு சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்துப் போனான். அவனோடு இருந்த கோவிவன் என்ற நாய், வந்த கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாம். கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

அந்தக் காலத்து எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாயின் பெயர் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கல்வெட்டில் இருக்கிறது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கல்வெட்டில் இருப்பது வேறு, அதை நாம் படிக்க முடிவது வேறு. வெயிலிலும் மழையிலும் 1400 வருடம் கிடந்த கல்லில், எழுத்தின் பள்ளமும் சுற்றியுள்ள கல்லும் கிட்டத்தட்ட ஒரே நிறம். நேராக நின்று பார்த்தால் சொரசொரப்பான பாறை மாதிரிதான் தெரியும்.

மங்கிப் போன எழுத்தை மனிதர்கள் எப்படியெல்லாம் கண்ணுக்குக் கொண்டு வந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஓலைக்குப் பூசிய கரியில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் ஒரே வரியில் தட்டச்சு செய்யும் கட்டளையில் வந்து முடியும். நான் படிப்பது பி.காம். கல்வெட்டுத் துறைக்கும் கம்ப்யூட்டர் துறைக்கும் நான் வெளியாள்தான். ஆனால் இந்தக் கதையின் கடைசியில் எங்கள் கணக்குப் பாடமும் வந்து நிற்கும், பாருங்கள் :-)

கான்ட்ராஸ்ட் என்றால் என்ன?

டிவி ரிமோட்டில் பார்த்திருப்பீர்கள். பிரைட்னஸ் என்பது மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்குவது. கான்ட்ராஸ்ட் என்பது வெளிச்சமான இடத்துக்கும் இருட்டான இடத்துக்கும் உள்ள வித்தியாசம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதினால் கான்ட்ராஸ்ட் அதிகம். அதே தாளில் மஞ்சள் பேனாவால் எழுதினால் குறைவு. எழுத்து இருக்கும், ஆனால் கண்ணுக்குப் பிடிபடாது.

நம் கண் ஒரு பொருள் எவ்வளவு வெளிச்சம் என்று தனியாக அளப்பதை விட, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். அந்த வித்தியாசம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், எழுத்து அங்கேயே இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஆக, மங்கிய எழுத்தைப் படிக்க ஒரே வழி அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்குவது. இதை நம் முன்னோர் கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே செய்துவிட்டார்கள்.

ஓலைக்கு மை

பனை ஓலையில் பேனாவால் எழுதுவதில்லை, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறல் எழுத்தும் ஓலையும் ஒரே நிறம். புதிய ஓலையில் கீறியதைப் படிப்பது கஷ்டம். அதனால் இலைச்சாற்றில் கரியைக் குழைத்து ஓலை மீது தடவித் துடைத்துவிடுவார்கள். மேலே பட்ட கரி துணியோடு போய்விடும், கீறலுக்குள் போன கரி அங்கேயே தங்கிவிடும். எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும்!

சிறுவர்களுக்கு ஏடு தொடங்கும்போது இப்படி மை பூசிக் கொடுப்பதற்கு 'மையாடல்' என்றே பெயர். யோசித்துப் பாருங்கள், ஒரு குழந்தையின் படிப்பே கான்ட்ராஸ்ட் கூட்டுவதில்தான் தொடங்கியிருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். கரி புதிதாக எந்த எழுத்தையும் எழுதுவதில்லை. கீறல் இருந்தால்தான் கரி தங்கும். ஆனால் ஓலையில் ஒரு விரிசலோ பூச்சி அரித்த கோடோ இருந்தால் அதிலும் கரி தங்கும். கரிக்கு எழுத்து எது, விரிசல் எது என்று தெரியாது. அதைச் சொல்லப் படிக்கிற ஆள் வேண்டும்.

கல்லுக்குக் காகிதம்

ஓலையைக் கையில் எடுத்து மை பூசலாம். கோயில் சுவருக்கு என்ன செய்வது?

ஆரம்பத்தில் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக் கொண்டார்கள். 1800களின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி தன் உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, சுவடிகளோடு கல்வெட்டுகளின் பிரதிகளையும் திரட்டினார். பெரிய வேலைதான். ஆனால் கண்ணால் பார்த்து எழுதிய பிரதியில் ஒரு சங்கடம் உண்டு. எழுதியவர் என்ன பார்த்ததாக நினைத்தாரோ அதுதான் பிரதியில் இருக்கும். அவர் படித்தது தவறா என்று பார்க்க மறுபடி அந்த ஊருக்கே போக வேண்டும்.

1886ல் மதராஸ் அரசு ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அதன் பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுப் பணி முறையான துறையாக வளர்ந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890ல் வந்தது. இந்த வேலையின் முதுகெலும்பு 'மைப்படி'.

மைப்படி எடுப்பது இப்படி: கல்லைத் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த காகிதத்தைக் கல் மேல் ஒட்ட வேண்டும். கெட்டியான தூரிகையால் காகிதத்தின் மேல் தட்டிக் கொண்டே போனால், எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் அமுங்கும். பிறகு துணி சுற்றிய ஒற்றியில் மையைத் தொட்டுக் காகிதத்தின் மேல் லேசாக ஒற்றி எடுப்பார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும். பள்ளத்தில் மை படாது, அது வெள்ளையாகவே இருக்கும். காய்ந்ததும் உரித்து எடுத்தால், கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து!

ஓலையில் பள்ளம் கறுப்பு, மேடு வெளுப்பு. மைப்படியில் அப்படியே தலைகீழ். இரண்டிலும் தந்திரம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஆழ வித்தியாசத்தை, கண்ணுக்குத் தெரியும் நிற வித்தியாசமாக மாற்றுவது.

நம் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் பலவற்றை இப்படித்தான் படித்தார்கள். 1937ல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அவை அச்சாகியிருக்கின்றன. சோழர், பாண்டியர், ஹொய்சளர், காடவர், விஜயநகரத்தார் என்று யார் வந்து எதைக் கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. ராஜகோபுரப் பணியோடும் ஆயிரங்கால் மண்டபத்தோடும் கிருஷ்ணதேவராயர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறோமே, அதற்கு ஆதாரம் செவிவழிக் கதை இல்லை, கல்வெட்டு.

எடுத்தனூர் நடுகல்லும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் பகுதியில் தேடி எடுத்த நடுகற்களை, இரா. நாகசாமி 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக 1972ல் பதிப்பித்தார். (பழைய நூல்களில் நம் ஊர்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 1989ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இதெல்லாம் வட ஆற்காடு மாவட்டம். அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.)

மைப்படியின் இன்னொரு பெரிய நன்மை, அதை அலுவலகத்தில் வைத்துப் பாதுகாக்கலாம். எந்த வருடம் எடுத்தது, எத்தனையாவது எண் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. இன்று ஒரு ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தால் வருடத்தையும் எண்ணையும் சொல்லி அந்தப் படியையே எடுத்துப் பார்க்கலாம். மத்திய அரசின் கல்வெட்டுத் துறை அலுவலகம் உதகமண்டலத்திலிருந்து 1966ல் மைசூருக்குப் போனது, தமிழ்ப் படிகளும் கூடவே போயின. அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. "வெறும் காகிதத்துக்கு எதற்கு வழக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. படியெடுத்த பிறகு இடிந்து போன கோயில்களும் காணாமல் போன கற்களும் ஏராளம். அவற்றுக்கெல்லாம் அந்தக் காகிதம் மட்டும்தான் மிச்சம்.

படம் எண்ணாக மாறியது

இனி கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம்.

1957ல் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 176க்கு 176 கட்டங்கள் கொண்ட சின்னப் படம். ஒரு படம் என்பது எண்களின் அட்டவணைதான் என்று ஆனது இங்கிருந்துதான்.

எண் என்று வந்துவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். 1964 ஜூலையில் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவில் மோதுவதற்கு முன் 4,300க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. அந்தப் படங்களில் இருந்த குறைகளைக் கலிபோர்னியாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் கொண்டு சரிசெய்தார்கள். பிறகு அதே வித்தைகள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கும் வந்தன. டாக்டர் மங்கலான ஸ்கேனில் கட்டியைத் தேடுவதும், ஆய்வாளர் மங்கலான கல்லில் எழுத்தைத் தேடுவதும் ஒரே மாதிரி வேலைதானே.

ஆனால் அதெல்லாம் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களின் சமாசாரம். சாதாரண ஆள் கைக்கு எப்போது வந்தது?

மந்திரக்காரரின் பெட்டி

1987ல் டூபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி என்ற புரோகிராமருக்கு ஒரு வேலை வந்தது. லட்சக்கணக்கான நிறங்கள் கொண்ட படங்களை, 256 நிறங்கள் மட்டும் காட்டும் திரையில் அழகாகக் காட்ட வேண்டும். அதற்காக எழுதியதுதான் இமேஜ்மேஜிக். நிறுவனம் அதை விலைக்கு விற்காமல் இலவசமாக வெளியிட அனுமதித்தது. 1990 ஆகஸ்ட் 1 அன்று இணையத்தில் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. மூல நிரலோடு! யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

இதில் போட்டோஷாப் மாதிரி படத்தைத் திறந்து வைத்து மவுஸால் இழுப்பதெல்லாம் முக்கியமில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் நிரலின் பெயர், அடுத்து பழைய படத்தின் பெயர், பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற சொல், கடைசியில் புதிய படத்தின் பெயர். என்டர் தட்டினால் முடிந்தது.

முன்பு அந்த நிரலின் பெயர் 'கன்வர்ட்'. விண்டோஸில் அதே பெயரில் ஹார்ட் டிஸ்க் அமைப்பை மாற்றும் கட்டளை ஒன்று ஏற்கனவே இருந்ததால் நிறையப் பேர் குழம்பினார்கள். 2016ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து 'மேஜிக்' என்றே அழைக்கலாம்.

கான்ட்ராஸ்ட்டுக்கு அதில் பல சொற்கள் உண்டு. முக்கியமான மூன்றை மட்டும் பார்ப்போம்.

மூன்று வழிகள்

முதலாவது, இழுத்து விரிப்பது. 'ஆட்டோ லெவல்', 'நார்மலைஸ்', 'கான்ட்ராஸ்ட் ஸ்ட்ரெட்ச்' எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. ஒரு கல்வெட்டுப் படத்தில் எல்லாப் புள்ளிகளும் 110க்கும் 150க்கும் நடுவில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். எழுத்துப் பள்ளம் 122, பக்கத்துக் கல் 130. வித்தியாசம் வெறும் 8. கண்ணுக்குப் பிடிபடாது.

இப்போது 110ஐ 0 ஆகவும் 150ஐ 255 ஆகவும் மாற்றி, நடுவில் உள்ளதை அதே விகிதத்தில் விரிப்போம். 122 என்பது 77 ஆகும், 130 என்பது 128 ஆகும். வித்தியாசம் 51! எழுத்து பளிச்சென்று தெரியும்.

படத்தில் எங்கோ ஒரு வெள்ளைப் புள்ளியும் ஒரு கறுப்புப் புள்ளியும் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஏற்கனவே 0வும் 255ம் இருக்கிறதே, எங்கே விரிப்பது? அதனால் 'நார்மலைஸ்' இரண்டு ஓரத்திலும் ஒரு சிறு பங்கு புள்ளிகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு மீதியை விரிக்கும். 'கான்ட்ராஸ்ட் ஸ்ட்ரெட்ச்' என்றால் எத்தனை சதவீதத்தை விட வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

இரண்டாவது, 'ஈக்வலைஸ்'. காமர்ஸ் மாணவர்களே, இது நம்ம ஏரியா! புள்ளியியல் பேப்பரில் ஓஜைவ் வளைவு வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குவிவு நிகழ்வெண் எடுத்து, ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே எத்தனை பேர் என்று புள்ளி வைத்து இணைப்போம். "இது வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது?" என்று வகுப்பில் கேட்காதவர்கள் உண்டா? இதோ, இங்கே பயன்படுகிறது. படத்தில் 130ம் அதற்குக் கீழும் உள்ள புள்ளிகள் மொத்தத்தில் 60 சதவீதம் என்றால், 130ன் புதிய எண் 255ல் 60 சதவீதம், அதாவது 153. 122 வரை 25 சதவீதம் என்றால் அதன் புதிய எண் 64. வித்தியாசம் 8லிருந்து 89க்குப் போய்விட்டது. கூட்டம் அதிகமாக நெருக்கி நிற்கும் இடத்தில் அதிக இடம் ஒதுக்கிக் கொடுக்கும் முறை இது. ஓஜைவ் வளைவையே விதியாக வைத்துப் படத்தை மாற்றுவதுதான் மொத்த ரகசியமும்.

மூன்றாவது, பகுதி பகுதியாகச் செய்வது. கோயில் சுவரைப் படம் எடுத்தால் பாதிச் சுவர் வெயிலில் இருக்கும், பாதி நிழலில் இருக்கும். மொத்தப் படத்துக்கும் ஒரே ஓஜைவ் போட்டால் இரண்டுக்கும் சரிவராது. அதனால் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஓஜைவ் போட்டு, ஓரங்களில் இழைத்துவிட வேண்டும். ஸ்டீபன் பைசரும் அவருடன் இருந்தவர்களும் மருத்துவப் படங்களை மனதில் வைத்து இதைப் பற்றி 1987ல் எழுதினார்கள். ஆனால் ஒன்றுமே இல்லாத வெற்றுக் கட்டத்தில் இது இரைச்சலைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாகக் காட்டும். அதற்கு ஒரு வரம்பு கட்டிய முறை 'கிளாஹே'. கரேல் ஸுய்டர்வெல்ட் 1994ல் அதன் நிரலை ஒரு நூலில் வெளியிட்டார். இமேஜ்மேஜிக்கின் இப்போதைய பதிப்புகளில் இதுவும் ஒரே சொல்தான். கல்வெட்டுப் படங்களுக்கு பெரும்பாலும் இது நன்றாகவே உழைக்கிறது.

இல்லாததை எடுக்க முடியாது

இப்போது ஓலைக்கு மை பூசிய இடத்தில் குறித்துக் கொள்ளச் சொன்னேனே, அதற்கு வருவோம்.

110 முதல் 150 வரை மொத்தம் 41 எண்கள். 0 முதல் 255 வரை விரித்த பிறகு படத்தில் எத்தனை விதமான எண்கள் இருக்கும்? அப்போதும் 41தான்! நடுவில் இடைவெளி விழுமே தவிரப் புதிதாக ஒரு எண்ணும் முளைக்காது. எங்கள் பாஷையில் சொன்னால், சொத்தை மறுமதிப்பீடு செய்தால் ஏட்டில் தொகை கூடும், கல்லாவில் ஒரு ரூபாய் கூடாது.

இதனால் இரண்டு விஷயங்கள் புரிய வேண்டும்.

ஒன்று, கல்லில் பள்ளமே இல்லாமல் போய்விட்டால் எந்தக் கட்டளையும் உதவாது. கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் இருந்தது. கல்வெட்டு அறிஞர்கள் அதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். காரணம் இதுதான். சுண்ணாம்பு பூசினால் என்றாவது சுரண்டி எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவலாம். மணல் வீச்சில் எழுத்தின் விளிம்பே தேய்ந்துவிட்டால், 122ம் 130ம் இரண்டும் 126 ஆகிவிடும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. சுவர் புதுசு மாதிரி பளபளக்கும், ஆயிரம் வருடக் கணக்கு போய்விடும்.

இரண்டு, விரிசலும் எழுத்தாகத் தெரியும். தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. பல இடங்களில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வடிவ வித்தியாசம் கிடையாது. குறில் எது நெடில் எது என்று பொருள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி ஒரு எழுத்துமுறையில் கல்லில் ஒரு சின்னப் பெயர்ப்பு இருந்து, 'ஈக்வலைஸ்' அதையும் பளிச்சென்று காட்டினால் என்ன ஆகும்? ஒரு கோடு கூடி ஓர் எழுத்து மாறும். ஊர்ப்பெயர் மாறும், நிலத்தின் அளவு மாறும், ஆட்சியாண்டு மாறும். கட்டளைக்குக் கோவிவனும் தெரியாது, கல்லில் விழுந்த கீறலும் தெரியாது. இரண்டையும் ஒரே நியாயத்தோடு பெரிதாக்கும்.

ஆக, கான்ட்ராஸ்ட் கூட்டுவது என்பது ஒரு முடிவு எடுப்பது. எந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கலாம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த முடிவு என்ன என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டளை வரி ஒரு வவுச்சர்

"மொபைலில் விரலால் இழுத்தால் கான்ட்ராஸ்ட் கூடிவிடுகிறது, இதற்குப் போய் யார் தட்டச்சு செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரிவலத்தில் எடுத்த செல்ஃபிக்கு இதெல்லாம் தேவையில்லை.

ஆனால் கல்வெட்டுக்குத் தேவை. விரலால் எவ்வளவு இழுத்தோம் என்று பத்து நிமிடம் கழித்து நமக்கே தெரியாது. கட்டளை வரியில் செய்தால் அந்த வரியே சாட்சி. "இந்தப் படத்தை எடுத்தேன், இந்த முறையில், இத்தனை சதவீதம் விட்டு விரித்தேன்" என்பது எழுத்தில் இருக்கிறது. அதைக் காப்பி செய்து படத்தோடு ஒரு உரைக் கோப்பில் போட்டு வைத்தால், ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் அதே மூலப் படத்தில் அதே வரியை ஓட்டிச் சரிபார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் வேறு அளவு போட்டுப் பார்க்கலாம்.

கணக்குப் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: வவுச்சர் இல்லாத பதிவு பதிவே இல்லை. ஆடிட்டர் வந்து கேட்டால் காட்டத் துண்டுச் சீட்டு வேண்டும். மைப்படிக்கு வருடமும் எண்ணும் போட்டு வைத்தவர்கள் செய்ததும் இதுதான். நான் பார்த்தவரை, கட்டளை வரியின் உண்மையான பெருமை வேகம் இல்லை, இந்த வவுச்சர்தான்.

வேகமும் உண்டு என்பது வேறு விஷயம். ஒரு கோயில் சுவரில் எடுத்த 300 படங்களுக்கும் ஒரே அளவில் ஒரே தடவையில் செய்யலாம். எல்லாப் படத்துக்கும் ஒரே விதி என்பதால் ஒப்பிடுவதும் சுலபம்.

இங்கே ஒரு அபாய அறிவிப்பு. இமேஜ்மேஜிக்கில் 'மாக்ரிஃபை' என்று ஒரு கட்டளை உண்டு. நிறையப் படங்களை ஒரே அடியில் மாற்ற வசதியானது. ஆனால் வேறு இடம் குறிப்பிடாவிட்டால் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும். மூலம் போயே போச்சு! மூலத்தை அழித்துப் பிரதியை வைத்துக் கொள்வது கல்லைத் தேய்த்துவிட்டுக் கண்ணால் எழுதிய நோட்டை வைத்துக் கொள்வது மாதிரி.

நாம் என்ன செய்யலாம்?

திருவண்ணாமலையைச் சுற்றி நடுகல், ஏரிக்கரைக் கல், மண்டபத் தூண் என்று எழுத்துள்ள கற்களுக்குப் பஞ்சமில்லை. இன்று ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு எழுத்துக் கல்லைப் பார்த்தால்:

1. சாக்பீஸ், பெயின்ட், மாவு எதையும் எழுத்தில் தடவாதீர்கள். அது கல்லுக்கும் கேடு, அடுத்துப் படிப்பவருக்கும் தொல்லை. நீங்கள் தடவும் கோடு நீங்கள் படித்த எழுத்தாகத்தான் இருக்கும்.

2. உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை அல்லது மாலை, வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், கான்ட்ராஸ்ட் தானாகவே வரும். நிழலான இடம் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பக்கத்தை மாற்றி மாற்றி நாலைந்து படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் தெரியாத கோடு இன்னொரு பக்க வெளிச்சத்தில் தெரியும். பள்ளத்தின் நிழல் வெளிச்சத்தோடு இடம் மாறும், வெறும் கறை மாறாது. எழுத்தையும் கறையையும் பிரித்தறிய இதை விடச் சுலபமான வழி கிடையாது.

3. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம். ஊர், இடம், தேதி எழுதிக் கொள்ளுங்கள்.

4. மூலப் படத்தைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு குறைந்து நுண்ணிய விவரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

5. கான்ட்ராஸ்ட் கூட்டுவதெல்லாம் பிரதியில் மட்டும். என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்று கூடவே எழுதி வையுங்கள்.

6. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரிடம் காட்டும்போது மூலம், பிரதி இரண்டையும் கொடுங்கள்.

இதில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம். காசும் வேண்டாம், இமேஜ்மேஜிக் இன்றும் இலவசம்தான். கொஞ்சம் பொறுமையும் எழுதி வைக்கும் பழக்கமும் போதும்.

கரி பூசிய வாத்தியாரும், ஈரக் காகிதத்தைத் தட்டிய தொல்லியல் துறை ஊழியரும், ரசாயனக் கம்பெனியில் உட்கார்ந்து நிரல் எழுதியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மூவரும் செய்தது இருக்கிற வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டியதுதான். அந்த வித்தியாசம் கல்லில் மிச்சம் இருக்கும்படி பார்த்துக் கொள்வது மட்டும் எந்தக் கருவியின் வேலையும் இல்லை. அது ஊர்க்காரர்களான நம்ம வேலை.

உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் ஏதாவது இருக்கிறதா? போய் ஒரு சாயங்கால வெயிலில் பார்த்துவிட்டு வாருங்களேன்.